கோணமாமலையும் அதன் கரையூர்களும்

நமது சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் இவ்வாண்டு ஈழத்துப் பாடல் பெற்ற தலங்கள் இரண்டையும் படித்து வருகின்றோம். திருக்கேதீச்சரம் முடிந்து இப்போது திருக்கோணேச்சரத்துக்கு வந்திருக்கின்றோம். மூன்றாம் திருமுறையில் உள்ள கோணமாமலைப் பதிகத்தைப் பிள்ளைகள் ஓரளவு பண்ணோடு பாடவும் பழகிவிட்டார்கள். பாடி முடிந்த பின் ஒரு சிறுமி எழுந்து, "மாமா, அந்த மலையிலே ஆட்கள் இருக்கிறார்களா, கோயில் மட்டுந்தானா?" என்று கேட்டாள். நேரமாகிவிட்ட அவசரத்தில் "கோயில் மட்டுந்தான், அம்மா" என்று சொல்லி வகுப்பை முடித்துவிட்டோம். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த விடை எமக்குச் சரியாகப் படவில்லை. எமது ஊர் அந்த மலையிலிருந்து பத்து மைல் தொலைவிலுள்ள நிலாவெளி. அவ்வூரில் பிறந்த ஒருவரே இப்படிச் சொன்னால் பிளெய்ன்ஸ்பரோவில் பிறந்த பிள்ளை வேறெதை அறியும்? ஆகவே இக்கட்டுரையை அச்சிறுமிக்குச் சொல்ல வேண்டியிருந்த விடையாகக் கொள்ளவும்.

முதலில் நில அமைப்பு. இங்கிருந்து காரில் ஒரு மணி நேரம் கிழக்கே போனால் ஹைலண்ட்ஸ் என்ற கடலோர ஊர் வரும். கோடை விடுமுறையில் நம் குடும்பங்கள் பல அப்பக்கம் போய் வருவதுண்டு. அங்கே மவுண்ட் மிட்சில் என்ற மேடு 266 அடி உயரம். அருகில் 1862இல் கட்டிய இரட்டை வெளிச்சவீடு இருக்கிறது. கீழே சாண்டி ஹூக் என்ற மணல்நாக்கு கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. அதிலே 1764ஆம் ஆண்டு எழுப்பிய வெளிச்சவீடு இன்றும் எரிகிறது. 1974 வரை இராணுவம் இருந்த ஹான்காக் கோட்டையும் அங்கேதான் உண்டு. உயர்ந்த மேடு, கடலுக்குள் நீளும் நிலம், அதில் ஒரு கோட்டை, சுற்றிலும் கடற்கரை ஊர்கள் என்ற நான்கையும் மனத்தில் வைத்துக்கொண்டால் திருகோணமலையை விளங்கிக்கொள்வது எளிது. அங்கே மேடும் நாக்கும் ஒன்றாகிவிட்டன. பட்டினத்திலிருந்து ஒடுங்கிய நிலம் கடலுக்குள் நீண்டு, கடைசியில் செங்குத்தான பாறையாக எழும்பி நிற்கின்றது. அதைச் சுவாமிமலை என்போம். ஆங்கிலேயரும் அப்பெயரை மாற்றவில்லை. உயரம் ஏறக்குறைய 400 அடி என்பர். கோயில் அதன் உச்சியில் இருக்கிறது.

மலையில் நின்று வடக்கே பார்த்தால் பிறை வடிவில் வெண்மணற் கரை வளைந்து போகும். அக்கரையில் முதலில் உப்புவெளி, அதற்கு அப்பால் சாம்பல்தீவு, பிறகு நிலாவெளி. தெற்கே திரும்பினால் காலடியில் பட்டினத்துக் கடற்கரை; அதற்கப்பால் அகன்ற கொட்டியாரக்குடா. மகாவலி கங்கை கடலில் கலப்பது அக்குடாவில்தான். அக்கரையில் மூதூரும் சம்பூரும் தெரியும். மேற்குப் பக்கமாக மலைகளுக்குள் ஒளிந்து கிடப்பது இயற்கைத் துறைமுகம். கடலின் அடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு கரைக்கு மிக அருகே வரை வருவதால், மாசி பங்குனிக்குப் பின் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் நீலத்திமிங்கிலம் அப்பக்கம் வருவதுண்டு. கோயில் வாசலில் நின்றே திமிங்கிலம் பார்த்ததாகச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை.

துறைமுகத்துக்காக வந்தவர்களின் கதையைப் பிள்ளைகள் நூலகத்தில் எளிதாகப் படிக்கலாம் என்பதால் இங்கே விரிக்கவில்லை. போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையை 1639இல் ஒல்லாந்தர் பிடித்தனர். 1782இல் மட்டும் அது ஒரே ஆண்டில் முதலில் ஆங்கிலேயரிடமும் பின்னர் பிரெஞ்சுக்காரரிடமும் கைமாறியது. 1795இல் ஆங்கிலேயர் மீண்டும் வந்து நிலைத்தனர். அவர்கள் 1803இல் வைத்த ஃபிரெடரிக் கோட்டை என்ற பெயரே இன்றும் வழங்குகிறது. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தின்மீது குண்டு வீசின. கடற்படைத் தளத்தை ஆங்கிலேயர் கையளித்தது 1957இல். அந்த உலகப்போர்க் காலத்தில் இறந்தவர்களுடைய மயானம் உப்புவெளியில் வீதியோரமாகப் புல்வெட்டிச் சுத்தமாகப் பராமரிக்கப்படுகிறது. சிறுவயதில் அதைப் பார்க்கும்போதெல்லாம் எமக்கு வியப்பாக இருக்கும். எவ்வளவோ தூரத்திலிருந்து வந்து இறந்தவர்களுக்கும் பெயர் பொறித்த கல் இருக்கிறதே என்று.

இனி ஊர்ப்பெயர்கள். 'வெளி' என்றால் திறந்த நிலம். உப்பு விளையும் வெளி உப்புவெளி. நிலவொளி பரவும் வெளி நிலாவெளி. இன்னும் வடக்கே ஏறக்குறைய இருபது மைலில் குச்சவெளி. அதற்கப்பால் பழைய தமிழ்ச் சைவக் கிராமமும் பழைமையான பௌத்தத் தூபியும் கொண்ட திரியாய். பிறகு கனிமமணல் எடுக்கும் புல்மோட்டை. பட்டினத்துக்கு வடக்கேயுள்ள இப்பகுதி முழுவதும் கட்டுக்குளம்பற்று. தென்மேற்கே தம்பலகாமப்பற்று, தெற்கே கொட்டியாரப்பற்று. கோணேசருடைய ஊர்கள் என்று பெரியவர்கள் சொல்வது இப்பற்றுகளைத்தான்.

கரையில் வாழ்ந்தவர்களுக்குக் காற்றே நாட்காட்டி. சித்திரைக்குப் பின் மேற்கிலிருந்து கச்சான் காற்று சூடாக வீசும். கிழக்குக் கடல் குளம்போல் கிடக்கும். அப்பொழுது மேற்குக் கரையான நீர்கொழும்பு, சிலாபம் பக்கங்களிலிருந்து மீனவக் குடும்பங்கள் வந்து வாடி போட்டுக் கரைவலை இழுப்பார்கள். ஐப்பசியில் வாடை தொடங்கினால் கடல் கொந்தளிக்கும், வந்தவர்கள் திரும்பிவிடுவார்கள். வலை இழுக்கும்போது அம்பாப் பாட்டுக் கேட்கும். பிள்ளைகளாகிய நாமும் கயிற்றின் கடைசியில் தொங்கி இழுப்பதுபோல் பாவனை செய்வோம். சம்மாட்டியார் சிரித்துக்கொண்டே ஒரு கைப்பிடி கீரிமீன் தருவார். கரைக்கு உட்புறமாக மணல் நிலத்தில் சின்ன வெங்காயம் விளையும். அதற்கும் அப்பால் உப்பளம். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் இருந்தார்கள். இறக்கக்கண்டியிலிருந்து வெங்காயம் வாங்க வருபவர்கள் எங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து தேநீர் குடித்துவிட்டுப் போவார்கள். நிலாவெளிக்கு எதிரே அரை மைலுக்குச் சற்றே கூடிய தூரத்தில் புறாத்தீவு. 2003இல் அது தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. முருகைக்கல் பார்க்கப் போகும் நம் பிள்ளைகள் அங்கே காலணியோடு முருகையை மிதிக்காமல் இருப்பார்களாக.

இந்த ஊர்களுக்கும் மலைக்கும் என்ன தொடர்பு? இதுதான் பாடத்தின் முக்கியமான பகுதி.

எமது தொழில் கணக்கு எழுதுவது. ஆகவே கோணேசர் கல்வெட்டு என்ற நூலை முதன்முதலில் படித்தபோது அதைப் பக்தி நூலாக மட்டும் பார்க்க எம்மால் முடியவில்லை. பெயரில் கல்வெட்டு என்று இருந்தாலும் அது கல்லில் வெட்டியதன்று, ஏட்டில் எழுதியது. கவிராச வரோதயன் இயற்றியது என்பர். குளக்கோட்டன் என்ற மன்னன் கோயிலுக்குத் திருப்பணி செய்து, குளமும் வயலும் கொடுத்து, சோழ நாட்டிலிருந்து குடிகளைக் கொணர்ந்து இருத்தி, யார் யார் என்ன தொண்டு செய்ய வேண்டும், எதை அளக்க வேண்டும், எதற்கு உரியவர் என்று வகுத்தான் என்பது அதன் பொருள். தானத்தார் என்றும் வரிப்பற்றார் என்றும் பிரிவுகள் அதில் வருகின்றன. குளக்கோட்டனுடைய காலத்தைப் பற்றி ஆய்வாளர்களுக்குள் ஒற்றுமை இல்லை. கந்தளாய்க் குளத்தையும் அவனே கட்டினான் என்ற மரபை வரலாற்று ஆசிரியர் எல்லாரும் ஏற்பதும் இல்லை. அது இருக்கட்டும். நூல் சொல்லும் ஏற்பாடு தெளிவானது. மலையுச்சியில் ஒரு விளக்கு எரிய வேண்டுமானால் அதற்கு எண்ணெய் கொடுக்க ஓர் ஊர் வேண்டும். நைவேத்தியத்துக்கு நெல் விளைய ஒரு வயல் வேண்டும். பாறையில் நெல் விளையாது. வரவு முழுவதும் ஊர்களிலிருந்து, செலவு மலையில். இந்த உரிமைகளையும் நிலங்களையும் பற்றி ஒல்லாந்த அதிகாரியான வன் சென்டன் 1786இல் இப்பற்றுகளில் பயணஞ் செய்து எழுதிய நாட்குறிப்பும் இருக்கிறது. கோயில் இடிந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் ஊரார் பழைய கடமைகளை மறக்கவில்லை.

இடித்த கதை பலருக்கும் தெரியும். போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா காலத்தில் அது நடந்தது. 1622 என்றும் 1624 என்றும் நூல்கள் சொல்கின்றன. உச்சியில் ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என மூன்று கோயில்கள் இருந்தன என்று போர்த்துக்கேயப் பாதிரியார் குவைரோஸ் எழுதியிருக்கிறார். அவற்றின் கற்களைக் கொண்டே கோட்டை எழும்பியது. இன்றும் கோட்டை வாசலில் இணைக்கயற் சின்னமும் தேய்ந்த தமிழ் எழுத்துகளும் உள்ள கற்களைக் காணலாம். அங்கே வழிகாட்டுபவர்கள் ஒரு முழுத் தீர்க்கதரிசனப் பாட்டையே ஒப்புவிப்பார்கள். கல்லில் இருப்பது சில துண்டு எழுத்துகள். முழுப்பாட்டு வாய்வழி வந்தது. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது நல்லது. அதேபோல மலையுச்சியிலிருந்து காதலுக்காகப் பாய்ந்தாள் என்று சொல்லப்படும் ஒல்லாந்தப் பெண் பிரான்சினாவின் கதையும். 1687ஆம் ஆண்டு பொறித்த தூண் உண்மை. பாய்ந்தது உண்மையன்று, அந்த அம்மையார் பின்னர் வேறொருவரை மணந்து வாழ்ந்ததற்கு ஆவணம் உண்டு.

கோயில் போனபின் வழிபாடு என்னாயிற்று? அதை ஊர்கள் எடுத்துக்கொண்டன. பதினைந்து மைல் அளவில் வயல்களுக்கு நடுவே இருக்கும் தம்பலகாமத்தில் ஆதிகோணநாயகர் கோயில் எழுந்தது. மலையிலிருந்து காப்பாற்றிய திருவுருவத்தை அங்கே வைத்தார்கள் என்பது ஊர்மரபு. நெல் கொடுத்த ஊரே தெய்வத்துக்கு இடமும் கொடுத்தது. மலையிலோ கோயில் இல்லாமலே பூசை நடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எமர்சன் டெனன்ட் என்ற ஆங்கிலேய அதிகாரி, பூசகர் பாறை விளிம்புவரை ஏறிச் சென்று கடலை நோக்கி மலரும் நிவேதனமும் இடுவதை 1859இல் வெளிவந்த தம் நூலில் வருணித்திருக்கிறார். கோட்டைக்குள் அந்நியப் படை. விளிம்பில் ஒரு பூசகர். கீழே பட்டினத்து மக்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் இப்படி.

பிறகு 1950இல் பட்டினத்தில் நகரசபையார் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்மன் ஆகியோர். கோயிலிடத்திலிருந்து ஏறக்குறைய 500 யார் தூரம். அழிவுக்கு அஞ்சி யாரோ புதைத்து வைத்தவை என்பதே பொதுவான கருத்து. புதைத்தவர்களின் பெயர் எந்த நூலிலும் இல்லை. அவர்களும் இந்த ஊர்க்காரர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். திருமேனிகள் ஊர்வலமாகக் கொண்டு செல்லப்பட்டு மக்கள் கண்டு வழிபட்டார்கள். 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடியில் கடலுக்குள் மூழ்கிப் பழைய கோயிலின் தூண்களையும் கற்களையும் கண்டார்கள். வில்சன் பிற்காலத்தில் துறவியாகிச் சுவாமி சிவகல்கி எனப் பெயர் கொண்டார் என்பது பலருக்கும் தெரியாத செய்தி. இப்போதுள்ள கோயிலின் கும்பாபிடேகம் 1963 மார்ச் 3ஆம் நாள் நடந்தது.

இதுவரை நூலில் உள்ளவை. இனிச் சொல்வது நூலில் இல்லாதது.

1990 ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டபோது எமக்குப் பத்து வயது. நிலாவெளியில் எங்கள் வீட்டில் எவரும் நிற்கவில்லை. வடக்கே காட்டுவழியாக நடந்து, பல நாட்களின் பின் மன்னார்க் கரையை அடைந்து, இரவில் படகேறி இராமேசுவரத்துக்கும், அங்கிருந்து மண்டபம் முகாமுக்கும் வந்தோம். அப்பா நிலாவெளியில் சிறிய கடை வைத்திருந்தவர். கரைவலைக்காரருக்கும் வெங்காயத் தோட்டக்காரருக்கும் மாதக் கணக்கில் சாமான் கொடுப்பார். வீட்டைப் பூட்டும்போது அவர் கையில் எடுத்தது காணி உறுதியும் கடன் கொப்பியுமே. அம்மா வழிநெடுக அதற்காக அவரை ஏசிக்கொண்டே வந்தார். உறுதி சரி, கடன் கொப்பி எதற்கு, யாரிடம் அறவிடப் போகிறீர்கள் என்று. அப்பா பதில் சொல்லவில்லை.

முகாமில் இருந்த காலத்தில் ஒருநாள் இராமேசுவரம் கோயிலுக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே ஓர் ஓதுவார், சம்பந்தர் கடல் தாண்டி ஈழத்துக்கு வரவில்லை. இவ்விடத்தில் நின்றே கோணமலையையும் கேதீச்சரத்தையும் பாடினார் என்று சொன்னார். அப்பா கடலைப் பார்த்து நின்றார். அன்று எமக்கு விளங்கியது ஒன்றுதான்: அந்தப் பெரியவர் பார்க்காமலே பாடினார், நாங்கள் பார்த்துவிட்டு வந்து நிற்கிறோம்.

வணிகவியல் படித்துப் பட்டம் பெற்று, இந்நாட்டுக்கு வந்து, வேலையும் வீடும் ஆனபின், அப்பதிகத்தை மீண்டும் மெதுவாகப் படித்தோம். ஒரு பாட்டில் கடல் இரைந்து முத்தைச் சுமந்து வருவதைச் சொல்லிவிட்டு, குடியிருப்புகள் நெருங்கிப் பெருகி விளங்குவதையும் சம்பந்தர் சொல்கிறார். ஏழாம் நூற்றாண்டிலேயே கோணமலை என்றால் மலை மட்டுமன்று, நெருங்கிய குடிகளும்கூட. பிள்ளைகள் வாரந்தோறும் பாடுகின்ற வரிதான். நாமும் எத்தனையோ முறை பாடிவிட்டு அந்தச் சொல்லைத் தாண்டிப் போயிருக்கின்றோம்.

அந்தக் குடிகளுக்கு இக்காலத்தில் வந்தவை கொஞ்சமல்ல. 1983இலும் 1985இலும் 1990இலும் வீடுகள் எரிந்தன, ஊர்கள் காலியாயின. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளிக் கரைகளை அடித்தது. உயர்ந்த மலையில் கோயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. 2006இல் சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்து, பல ஆண்டுகள் காத்திருந்தே காணிக்குத் திரும்பினார்கள். இவற்றைச் சிறு பிள்ளைகளுக்கு எவ்வளவு சொல்வது என்பதைப் பெற்றோர் தீர்மானிக்கட்டும். சொல்லாமலே விடுவதுதான் எமக்குச் சம்மதமில்லை.

நாம் பல ஆண்டுகளின் பின் முதன்முறை திரும்பிப் போனபோது, மற்றவர்களைப் போலவே காலையில் கோட்டை வாசலால் ஏறி, மான்களைப் பிள்ளைகளுக்குக் காட்டி, கோணேசரைக் கும்பிட்டு, மாலையில் கடற்கரை விடுதியில் தங்கினோம். விடுதி நிலாவெளியில். எங்கள் வீட்டுக் காணியிலிருந்து கால் மணி நேர நடை. போய்ப் பார்க்க இரண்டு நாள் எடுத்தது, தூரத்தால் அல்ல. கிணறு மட்டும் இருந்தது. பக்கத்துக் காணியில் குடியிருந்த முதியவர் அப்பாவின் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றார். "உங்கட அப்பாவின்ர கொப்பியிலே என்ர பேரும் இருந்தது, தம்பி. அந்த மாசத்துக் காசு நான் குடுக்கேல்லை" என்றார். முப்பது ஆண்டுக்கு மேலான கடன். வாங்க மாட்டோம் என்று எவ்வளவோ சொல்லியும், உள்ளே போய் ஒரு சாக்கில் வெங்காயம் கொண்டுவந்து வைத்தார். விமானத்தில் கொண்டுவர முடியாது. தம்பலகாமத்துக் கோயில் மடைப்பள்ளிக்குக் கொடுத்துவிட்டு வந்தோம்.

அந்தக் கொப்பி இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. கடைசிப் பக்கம் 1990 ஜூன். ஊர்ப்பெயர் வாரியாக அப்பா எழுதியிருக்கிறார்: உப்புவெளி, சாம்பல்தீவு, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி. ஆண்டு முடிவில் ஐந்தொகை எடுக்கும் எமக்கு, இதில் எது வரவு, எது வராக்கடன் என்று இன்னும் எழுதத் தெரியவில்லை.

இந்தக் கோடையில் ஊருக்குப் போகும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். சுவாமிமலையில் தரிசனம் முடிந்தபின் ஒரு நாளைக் கூட்டிக்கொள்ளுங்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் ஐந்து மைலில் இருக்கின்றன. இறந்தவர்களுக்கு அந்தியேட்டி செய்யும் வழக்கம் அங்கே உண்டு; வெளிநாட்டில் பெற்றோரை இழந்தவர்களுக்கு அது பயன்படும். தம்பலகாமத்துக்கு அறுவடைக் காலத்தில் போனால் இன்னும் நல்லது. உங்கள் சொந்த ஊர் அப்பக்கமாக இருந்தால், விடுதி வாகனத்தில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகாமல், இறங்கி நடந்து போங்கள். யாராவது ஒருவர் உங்கள் வீட்டுப் பெயரைச் சொல்லி விசாரிக்கக்கூடும்.

அடுத்த வகுப்புக்கு வரும் பிள்ளைகள் ஒரு பெரிய தாளில் வரைபடம் ஒன்று வரைந்து வரவேண்டும். நடுவிலே மலையை ஒரு புள்ளியாக இடுங்கள். வடக்கே உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி, குச்சவெளி, திரியாய், புல்மோட்டை, மேற்கே கன்னியா, தென்மேற்கே தம்பலகாமம், கந்தளாய், தெற்கே மூதூர், சம்பூர். பிறகு தாத்தா, பாட்டி, அப்பப்பா, அம்மம்மாவிடம் தாளைக் கொடுத்து, தங்கள் ஊரையும் அதிலே குறிக்கச் சொல்லுங்கள். அந்த ஊரிலிருந்து எந்தக் கோயிலுக்கு என்ன கொடுத்தார்கள், எண்ணெயா நெல்லா பூவா என்று கேட்டு ஓரத்தில் எழுதுங்கள். யாழ்ப்பாணமோ மட்டக்களப்போ தஞ்சாவூரோ கோயம்புத்தூரோ ஆனாலும் பரவாயில்லை. தாள் போதாவிட்டால் இன்னொன்றை ஒட்டிக்கொள்ளலாம். கேள்வி கேட்ட சிறுமி முன்வரிசையில் இருக்கட்டும். வண்ணப் பென்சில்களும் பசையும் வகுப்பில் தருவோம்; கத்தரிக்கோல் மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவரவும்.